மந்தமாகும் பாதுகாப்பான சோப் சேவை: ஜாவாவில் அறிகுறி வழியே காரணம் காண்பது

ஜாவாவில் எழுதிய சோப் (SOAP, எக்ஸ்எம்எல் செய்திகளால் நிரல்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) சேவைக்குப் பாதுகாப்பு அடுக்கைச் சேர்த்ததும் வேகம் குறைந்துவிட்டால், பழி முதலில் குறியாக்கத்தின் மீதுதான் விழுகிறது. ஆனால் இன்றைய செயலிகளில் (சிபியூக்களில்) ஏஇஎஸ் என்ற சமச்சீர் குறியாக்கம் மிக மலிவான வேலை. நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள ஆயத்தங்கள்தாம்: இணைப்பை ஏற்படுத்துவது, சான்றிதழைச் சரிபார்ப்பது, சாவிக் கோப்பைத் திறப்பது, எக்ஸ்எம்எல் கருவிகளைத் தேடிப் பிடிப்பது. ஒருமுறை செய்து வைத்துக்கொள்ள வேண்டிய இவற்றை அழைப்புக்கு ஒருமுறை செய்துகொண்டிருக்கிறோமா என்பதுதான் கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி.

எதையும் திருத்துவதற்கு முன், சோதனைச் சூழலில் ஒரே செய்தியை மூன்று விதமாக அனுப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பாதுகாப்பே இல்லாத எச்டிடிபி. அடுத்து எச்டிடிபிஎஸ் மட்டும். கடைசியாக எச்டிடிபிஎஸ்ஸுடன், செய்திக்குள்ளேயே பாதுகாப்பை வைக்கும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தரநிலையின் கையொப்பமும் குறியாக்கமும். முதல் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே இருந்தால் செய்தியைக் கையாளும் இடத்தில் இருக்கிறது. மூன்றும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் பாதுகாப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, தரவுத்தளத்தைப் பாருங்கள். இந்த அரை மணி நேர வேலையைத் தவிர்த்துவிட்டு நேராக அமைப்புகளை மாற்றத் தொடங்கியவர்கள் நாள்கணக்கில் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: முதல் அழைப்பு மட்டும் பல விநாடி எடுக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது

இது பெரும்பாலும் நோயல்ல. முதல் அழைப்பின்போது சேவையின் விவரிப்புக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல் படிக்கப்படுகிறது, ஜாவா பொருள்களையும் எக்ஸ்எம்எல்லையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) சூழல் உருவாகிறது, பாதுகாப்பு நூலகங்களின் வகுப்புகள் ஏற்றப்படுகின்றன. சேவை தொடங்கும்போதே ஒரு வெள்ளோட்ட அழைப்பை நீங்களே அனுப்பிவிட்டால் பயனர் இதை உணர மாட்டார்.

ஆனால் நிரலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஜாவாவின் சோப் இடைமுகமான ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் கிளையன்டில் சர்வீஸ் என்ற பொருளை உருவாக்கும் வரி ஒவ்வொரு அழைப்பிலும் ஓடும் மெதடுக்குள் இருந்தால், உங்களுக்கு எல்லா அழைப்பும் முதல் அழைப்புதான். அந்த வரி ஓடும் ஒவ்வொரு முறையும் டபிள்யூஎஸ்டிஎல் மீண்டும் படிக்கப்படுகிறது. அதன் முகவரி தொலைவிலுள்ள சர்வரைச் சுட்டினால், உண்மையான வேலைக்கு முன்பே இன்னொரு பாதுகாப்பான இணைப்பு திறக்கப்படுகிறது. டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை ஜார் கோப்புக்குள்ளேயே வைத்து அங்கிருந்து படிக்கச் செய்யுங்கள். சர்வீஸ் பொருளை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பெறும் போர்ட் பொருள் பல த்ரெட்களில் ஒரே நேரத்தில் பாதுகாப்பாக இயங்கும் என்று ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் தரநிலை உறுதி தருவதில்லை. ஆகவே த்ரெட்டுக்கு ஒன்று வைப்பதோ, ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துத் திருப்பி வைப்பதோதான் முறை. ஜேஏஎக்ஸ்பி சூழலை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். அதிலிருந்து உருவாகும் மார்ஷலர், அன்மார்ஷலர் ஆகியவற்றைப் பகிரக் கூடாது.

சாவிக் கோப்புக்கும் இதே விதி. பிகேசிஎஸ்12 வகைக் கோப்பைத் திறக்கும்போது, கடவுச்சொல்லிலிருந்து சாவியை வருவிக்கும் கணக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடும். அது வேண்டுமென்றே மெதுவாக வடிவமைக்கப்பட்டது. அழைப்புதோறும் அந்தக் கோப்பைத் திறப்பவர், திருடனுக்காக வைத்த தடையைத் தானே தினமும் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

அறிகுறி: ஒவ்வொரு அழைப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு தாமதம், சிபியூ சும்மா இருக்கிறது

செய்தி சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் அதே தாமதம், தொலைவிலுள்ள சர்வர் என்றால் அதிகம், பக்கத்திலுள்ள சர்வர் என்றால் குறைவு. இப்படியானால் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (எச்டிடிபிஎஸ்ஸின் அடியிலுள்ள பாதுகாப்பு நெறிமுறையின் தொடக்கப் பேச்சு) நடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒரு முறை போய்வர 80 மில்லிவிநாடி ஆகும் பாதையில், டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.2 முழு ஹேண்ட்ஷேக்குக்கு இரண்டு சுற்று. வேண்டுகோளின் முதல் பைட் கிளம்புவதற்கு முன்பே 240 மில்லிவிநாடி போய்விட்டது. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 ஹேண்ட்ஷேக்கை ஒரே சுற்றில் முடிப்பதால் அது 160 ஆகக் குறையும். ஜாவா 11 முதல் இது உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் ஹேண்ட்ஷேக்கை வேகப்படுத்துவதைவிட, அதைச் செய்யாமல் இருப்பதே மேல்.

உறுதிப்படுத்த, ஜாவாவின் நெட்.டிபக் (javax.net.debug) அமைப்பில் எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) ஹேண்ட்ஷேக் பதிவை இயக்கிவிட்டு, பத்து அழைப்புகளை அடுத்தடுத்து அனுப்புங்கள். பதிவில் கிளையன்ட்ஹலோ என்ற தொடக்கச் செய்தி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் நலம். பத்து என்றால் காரணம் கீழே உள்ளவற்றுள் ஒன்றாக இருக்கும். ஜாவா 12 முதல், ஜாவாவோடு வரும் பதிவுக் கருவியான பிளைட் ரெக்கார்டரிலும் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் தனி நிகழ்வாகப் பதிவாகிறது. இயல்பில் அது அணைக்கப்பட்டிருக்கும், நீங்கள்தான் இயக்க வேண்டும்.

மிக அதிகமாகக் கண்ணில் படும் காரணம், பாதுகாப்பான இணைப்புகளை உருவாக்கித் தரும் எஸ்எஸ்எல் சாக்கெட் ஃபேக்டரி என்ற பொருள். கிளையன்ட் சான்றிதழைப் பயன்படுத்துவதற்காக நாமே எழுதும் நிரலில், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதிய எஸ்எஸ்எல் சூழலையும் அதிலிருந்து ஒரு புதிய ஃபேக்டரியையும் உருவாக்கி இணைப்பிடம் கொடுத்துவிடுகிறோம். ஜாவாவின் எச்டிடிபிஎஸ் இணைப்பு வகுப்பு, முடிந்துபோன இணைப்பை மீண்டும் பயன்படுத்துவதற்காகச் சேமித்து வைக்கும்போது, முகவரியோடு அந்த ஃபேக்டரி பொருளையும் அடையாளமாக வைத்துக்கொள்கிறது. அடுத்த அழைப்பு வேறொரு ஃபேக்டரியோடு வந்தால், உள்ளடக்கம் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தாலும், பழைய இணைப்பு கண்டுகொள்ளப்படாது. டிஎல்எஸ் அமர்வுகளின் கேச்சும் அந்த எஸ்எஸ்எல் சூழலுக்குள்தான் இருப்பதால், சுருக்கமான ஹேண்ட்ஷேக்குக்கும் வழியில்லை. இணைப்பு மறுபயன்பாடு, அமர்வு மறுபயன்பாடு இரண்டும் ஒரே வரியால் பறிபோகின்றன. சூழலையும் ஃபேக்டரியையும் ஸ்டேட்டிக் புலத்தில் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். சான்றிதழ் புதுப்பிக்கப்படும்போது மட்டும் மாற்றுங்கள்.

ஃபேக்டரி ஒன்றுதான் என்று உறுதியான பின்னும் மறுபயன்பாடு நடக்கவில்லையா? பதிலின் உடலை முழுவதும் படிக்கிறீர்களா என்று பாருங்கள். பாதியில் விட்ட பதிலோடு இருக்கும் இணைப்பு திரும்பச் சேமிப்புக்குப் போவதில்லை. சோப் ஃபால்ட் என்ற பிழைச் செய்தி 500 குறியீட்டோடு வரும்போது பிழை ஓட்டத்தைப் படிக்க மறந்துவிடுவது வழக்கமான சறுக்கல். அடுத்து, இயல்பு நிலையில் ஒரு சேருமிடத்துக்கு 5 ஓய்விணைப்புகளை மட்டுமே ஜாவா வைத்துக்கொள்ளும். 40 த்ரெட்கள் ஒரே சேவையை அழைத்தால் மீதி 35 இணைப்புகள் ஒவ்வொரு முறையும் மூடப்படும். எச்டிடிபி.மேக்ஸ்கனெக்ஷன்ஸ் என்ற அமைப்பைத் த்ரெட் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்த்துங்கள். சர்வர் எதுவும் சொல்லாவிட்டால் ஓய்விணைப்பு 5 விநாடியில் கைவிடப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை அழைக்கும் கிளையன்டுக்கு மறுபயன்பாடு ஒருபோதும் கிடைக்காது. இவையெல்லாம் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், இடையிலுள்ள லோட் பேலன்சர் இணைப்பை மூடுமாறு தலைப்பு அனுப்புகிறதா என்று பதிலின் தலைப்புகளைப் பாருங்கள்.

அறிகுறி: எப்போதாவது ஓர் அழைப்பு சரியாக 15 விநாடி தொங்குகிறது

இப்படி வட்டமான எண்ணில் நிற்கும் தாமதம் ஒரு காலக்கெடு முடிவதைக் காட்டுகிறது. 15 விநாடி என்றால், சான்றிதழ் ரத்தாகியுள்ளதா என்று சோதிக்கும் வேலைதான் முதல் சந்தேகம். ஜாவாவில் ஓசிஎஸ்பி (சான்றிதழின் நிலையை இணையவழி கேட்கும் நெறிமுறை) வினவலுக்கும் ரத்துப் பட்டியலைத் தரவிறக்குவதற்கும் இயல்பான காலக்கெடு 15 விநாடி. சர்வர் வெளியுலகை அணுக முடியாத வளையத்துக்குள் இருந்து, ஃபயர்வால் மறுப்பைச் சொல்லாமல் பொட்டலத்தை மௌனமாக விழுங்கிவிட்டால், முழுக் காலக்கெடுவும் ஓடி முடியும்வரை த்ரெட் காத்திருக்கும். மறுப்பைச் சொல்லும் ஃபயர்வாலாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். விழுங்கும் ஃபயர்வால்தான் தொல்லை.

த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தால் ஓசிஎஸ்பி வகுப்பிலோ, அதனடியில் சாக்கெட் படிப்பிலோ நிற்பது தெரியும். சரியான தீர்வு, அந்த முகவரிக்கு மட்டும் வெளிவழியைத் திறப்பது, அல்லது ரத்துப் பட்டியலை அவ்வப்போது உள்ளூர் இடத்துக்குக் கொண்டுவந்து அங்கிருந்து படிக்கச் செய்வது. எச்டிடிபிஎஸ் அளவில் என்றால், ஜாவா 9 முதல் உள்ள ஓசிஎஸ்பி ஸ்டேப்பிளிங் வசதியைச் சர்வர் பக்கம் இயக்கினால், சான்றிதழோடு அதன் நிலையும் ஹேண்ட்ஷேக்கிலேயே வந்துவிடும். சோதனையையே அணைத்துவிடுவதும் தாமதத்தைப் போக்கும்தான். ஆனால் அது பாதுகாப்புக் கொள்கையை மாற்றும் முடிவு. அதை எழுதி ஒப்புதல் பெற்றுச் செய்யுங்கள், இரவு இரண்டு மணிக்கு ஓர் அமைப்பை மாற்றிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

அறிகுறி: சர்வரை மறுதொடக்கம் செய்ததும் நீண்ட நேரம் அசைவே இல்லை

பழைய லினக்ஸ் கர்னலில், குறிப்பாக மெய்நிகர் இயந்திரங்களில் இது வரும். டெவ்-ரேண்டம் சாதனத்தில் போதிய எழுந்தமானத் தரவு சேரும்வரை படிப்பு நின்றுவிடும். த்ரெட் டம்பில் செக்யூர்ரேண்டம், சீட்ஜெனரேட்டர் போன்ற பெயர்கள் மேலே இருக்கும். ஜாவாவின் ஈஜிடி அமைப்பை யூரேண்டம் சாதனத்துக்குத் திருப்பினால் தீரும். 2020-இல் வந்த கர்னல் 5.6 முதல், தொடக்கநிலை நிரப்பல் முடிந்த பின் டெவ்-ரேண்டம் இப்படி நிற்பதில்லை.

அறிகுறி: சிபியூ உச்சத்தில், செய்தி சிறியதானாலும்

இங்கேதான் உண்மையில் குறியாக்கத்தைப் பார்க்க வேண்டும்; அதிலும் ஏஇஎஸ்ஸை அல்ல, தனிச்சாவி, பொதுச்சாவி என்ற இணையால் இயங்கும் ஆர்எஸ்ஏவின் தனிச்சாவிக் கணக்கை. கையொப்பமும் குறியாக்கமும் இரு திசையிலும் இருக்கும் சேவையில், ஒரே அழைப்புக்குச் சர்வர் இரண்டு முறை தன் தனிச்சாவியைப் பயன்படுத்துகிறது: வந்த செய்தியின் அமர்வுச் சாவியை அவிழ்க்க ஒருமுறை, பதிலில் கையொப்பமிட ஒருமுறை. பொதுச்சாவியால் சரிபார்ப்பது மலிவு. தனிச்சாவி வேலை அதைவிடப் பல மடங்கு கனமானது. சாவியின் நீளத்தை 2048-இலிருந்து 4096 ஆக்கினால், தனிச்சாவிக் கணக்கு கொள்கையளவில் ஏறத்தாழ 8 மடங்கு ஆகிறது. “பாதுகாப்பு கூடட்டும்” என்று யாரோ சான்றிதழைப் புதுப்பித்த நாளும், சிபியூ வரைபடம் ஏறிய நாளும் ஒன்றா என்று பாருங்கள்.

அதே கிளையன்டிலிருந்து அழைப்புகள் தொடர்ந்து வருமானால் டபிள்யூஎஸ்-செக்யூர்கான்வர்சேஷன் என்ற தரநிலை உதவும். முதலில் ஒருமுறை மட்டும் தனிச்சாவியால் பேசி ஒரு பொது இரகசியத்தை ஏற்படுத்திக்கொண்டு, பிறகு வரும் செய்திகளைச் சமச்சீர் சாவியால் கையொப்பமிடுகிறது, குறியாக்குகிறது. நாளுக்கு ஓர் அழைப்பு அனுப்பும் ஆயிரம் கிளையன்ட்கள் என்றால் இது கூடுதல் சுமைதான். பல சர்வர்கள் இருந்தால் அந்த அமர்வு எல்லாவற்றுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

சாவியின் நீளத்தில் குறை இல்லாமலும் சிபியூ ஏறலாம். நான் பார்த்த ஒரு சேவையில் ஏஇஎஸ்ஸே மெதுவாக ஓடியது. காரணம், தொடக்க நிரலில் யாரோ பவுன்சிகாசில் என்ற குறியாக்க நூலகத்தை, குறியாக்க வேலைகளைச் செய்து தரும் பாதுகாப்பு வழங்குநர்களின் வரிசையில் முதலிடத்தில் நுழைத்திருந்தார்கள். தேவைப்பட்டது ஓர் அரிய அல்காரிதம் மட்டும். ஜாவா 8 முதல், செயலியின் ஏஇஎஸ் கட்டளைகளை நேரடியாகப் பயன்படுத்தும் வசதி ஜாவாவோடு வரும் வழங்குநரின் வகுப்புகளுக்குத்தான் உண்டு. வேறொரு வழங்குநர் முன்னால் நின்றால், அதே வேலை சாதாரண ஜாவா நிரலாக ஓடும். வழங்குநரை வரிசையின் கடைசியில் சேர்த்து, அந்த அரிய அல்காரிதத்தைக் கேட்கும் இடத்தில் மட்டும் பெயர் சொல்லிக் கேட்டதும் வரைபடம் இறங்கியது. ஜாவா 8-இன் பழைய வெளியீடுகளில் ஏஇஎஸ்-ஜிசிஎம் முறை தனியாகவே மெதுவாக இருக்கும். ஜாவா 9 அதற்கும் செயலியின் துணையைக் கொண்டுவந்தது. ஆகவே பதிப்பை உயர்த்துவது இங்கே வெறும் ஒழுங்கு வேலை அல்ல.

இன்னொரு கேள்வியையும் இந்த இடத்தில் கேட்டுவிட வேண்டும்: செய்தி அளவிலான குறியாக்கம் உங்களுக்குத் தேவைதானா? கிளையன்டும் சர்வரும் நேரடியாகப் பேசுகின்றன, இடையில் செய்தியைப் பிரித்துப் படிக்கும் எவரும் இல்லை, கையொப்பத்தைச் சான்றாகப் பாதுகாத்து வைக்கும் கட்டாயமும் இல்லை என்றால், இருபக்கச் சான்றிதழோடு கூடிய டிஎல்எஸ் போதும். ஏற்கெனவே பூட்டிய பெட்டியை இன்னொரு பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்புவதற்கு ஒவ்வோர் அழைப்பிலும் விலை கொடுக்கிறீர்கள். கையொப்பம் மட்டும் சட்டப்படி தேவை என்றால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செய்தி பெரிதாகப் பெரிதாகத் தாமதமும் நினைவகமும் எகிறுகின்றன

ஒரு 9 எம்பி கோப்பை எடுத்துக்கொள்வோம். அதை எக்ஸ்எம்எல் உறுப்புக்குள் பேஸ்64 எழுத்துகளாக வைத்தால் 12 எம்பி ஆகும். அந்த உறுப்பைக் குறியாக்கினால் வெளிவருவது பைனரி. அதை மீண்டும் எக்ஸ்எம்எல்லுக்குள் வைக்க இன்னொரு முறை பேஸ்64 செய்ய வேண்டும், 16 எம்பி. இதைச் சர்வர் முழுவதுமாக நினைவகத்தில் டாம் (DOM) மரமாகப் படித்து, கையொப்பத்துக்காக வடிவச் சீராக்கம் செய்து, குறியாக்கத்தை அவிழ்த்து, மறுபடி பைட்களாக்கும்போது ஒரே உள்ளடக்கத்தின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் நிற்கின்றன. ஜி1 குப்பை அகற்றியில் ஒரு பகுதியின் பாதி அளவையோ அதற்கு மேலோ கொண்ட பொருள் பேருருப் பொருளாகத் தனியே வைக்கப்படும். இந்தப் பெரிய எழுத்து அணிகள் எல்லாம் அந்த வகையில்தான் விழும். குப்பை அகற்றும் பதிவில் ஹியூமங்கஸ் என்ற சொல் அடிக்கடி வந்தால் பகுதியின் அளவைக் கூட்டுங்கள். அது வலியைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது.

தீர்வு செய்தியின் வடிவத்தில் இருக்கிறது. கோப்பை எம்டிஓஎம் என்ற சோப் வசதி வழியாகப் பைனரி இணைப்பாக அனுப்பினால் பேஸ்64 வீக்கம் போகும். ஆனால் அந்த உறுப்பின் மீது கையொப்பமும் வேண்டும் என்றால், கையொப்பக் கணக்கு பேஸ்64 எழுத்துகளின் மீதுதான் நடக்க வேண்டும். கம்பியில் மிச்சமாகும் அளவு கணக்கில் மிச்சமாகாது. பெரும்பாலும் நான் பரிந்துரைப்பது, கோப்பின் ஹாஷ் மதிப்பைச் செய்திக்குள் வைத்து அதில் கையொப்பமிட்டு, கோப்பைத் தனியே டிஎல்எஸ்ஸின் பாதுகாப்பில் அனுப்பி, பெறுபவர் ஹாஷை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. இருதரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதிலுள்ள தடை.

செய்தியின் வடிவத்தைத் தொட முடியாவிட்டால், அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் என்ற சோப் நூலகத்தில் 3.0 முதல் உள்ள ஓட்டமுறைப் பாதுகாப்பை இயக்கிப் பாருங்கள். அது மரம் முழுவதையும் கட்டாமல் செய்தியைக் கடந்து செல்லும்போதே வேலையை முடிப்பதால், பெரிய செய்திகளில் நினைவகம் தெளிவாக இறங்கும். எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லின் பகுதிகளைச் சுட்டும் மொழி) சார்ந்த பாதுகாப்பு விதிகள் அதில் முழுமையாக ஆதரிக்கப்படுவதில்லை. உங்கள் கொள்கைக் கோப்பில் அவை இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. குறியாக்கிய செய்தியின் மீது எச்டிடிபி அளவில் ஜிஸிப் சுருக்கத்தை இயக்குபவர்கள் உண்டு. குறியாக்கிய தரவில் சுருக்கத்தக்க ஒழுங்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பேஸ்64 கூட்டிய வீக்கத்தைத் திரும்பப் பெறுவதற்கு மேல் அது எதையும் செய்யாது.

அறிகுறி: சுமை கூடினால் த்ரெட்கள் குவிகின்றன, சிபியூவோ பாதிகூட இல்லை

த்ரெட்கள் ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கின்றன என்று பொருள். ஐந்து விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் எடுத்து, பிளாக்ட் நிலையிலுள்ள த்ரெட்கள் எந்தப் பொருளின் பூட்டுக்காக நிற்கின்றன என்று பாருங்கள். டம்பைக் கீழிருந்து மேலாகப் படித்தால் கதை புரியும்: அடியில் எச்டிடிபி வேலைத் த்ரெட், அதன்மேல் உங்கள் சேவை, அதன்மேல் டாக்குமென்ட்பில்டர் ஃபேக்டரியின் நியூஇன்ஸ்டன்ஸ், உச்சியில் கிளாஸ்லோடர். எக்ஸ்எம்எல் ஃபேக்டரியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், எந்தச் செயலாக்கம் வேண்டும் என்று ஜாவா கிளாஸ்பாத் முழுவதும் ஜார் ஜாராகத் தேடுகிறது. தனியாக ஓடும்போது கண்ணில் படாத இந்தத் தேடல், இருநூறு த்ரெட்கள் ஒரே கிளாஸ்லோடர் பூட்டில் வரிசையில் நிற்கும்போது சேவையையே நிறுத்திவிடும். ஃபேக்டரியைத் த்ரெட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். நூலகத்தின் உள்ளே நடப்பதைத் தொட முடியாதென்றால், செயலாக்க வகுப்பின் பெயரைச் சிஸ்டம் அமைப்பாகக் கொடுத்துவிட்டால் தேடல் நின்றுவிடும்.

பூட்டு ஃபேக்டரியில் இல்லாவிட்டால் லாகிங்கைப் பாருங்கள். கோளாறு தேடும்போது முழுச் செய்தியையும் லாக் செய்ய இயக்கிவிட்டு, அணைக்க மறந்த சேவைகள் ஏராளம். வேகம் போனது ஒருபுறம் இருக்க, அவிழ்க்கப்பட்ட செய்தி வெறும் எழுத்தாக வட்டில் கிடக்கும்.

அறிகுறி: சுமையில் மட்டும் “செய்தி காலாவதியானது” என்ற மறுப்பு

டபிள்யூஎஸ்-செக்யூரிட்டியை ஜாவாவில் செயல்படுத்தும் டபிள்யூஎஸ்எஸ்4ஜே நூலகத்தில், செய்தியிலுள்ள நேரமுத்திரையின் இயல்பு ஆயுள் 300 விநாடி. எதிர்காலத்தைக் காட்டும் முத்திரைக்கு 60 விநாடி வரைதான் பொறுத்துக்கொள்ளும். இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால், கையொப்பமிட்ட பின் செய்தி எங்கோ வரிசையில் காத்துக் கிடக்கிறது. இந்த மறுப்பைப் பார்த்ததும் கிளையன்ட் தானாக மறுமுயற்சி செய்யும்படி எழுதியிருந்தால், ஏற்கெனவே திணறும் சர்வருக்குச் சுமை இரட்டிப்பாகும். அதுவும் பழைய பைட்களையே திரும்ப அனுப்பினால், பிடித்த செய்தியைத் திரும்ப அனுப்பும் தாக்குதல் என்று கருதிச் சர்வர் அதையும் மறுத்துவிடும். மறுமுயற்சி ஒவ்வொன்றும் புதிய முத்திரையோடும் கையொப்பத்தோடும், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆயுளை ஒரு மணி நேரமாக நீட்டிவிடுவது, திருடிய செய்தியையும் ஒரு மணி நேரம் செல்லுபடியாக்கும்.

எந்தத் திருத்தத்துக்குப் பிறகும் வேகத்தை அளப்பதற்கு முன் மூன்று செய்திகளை அனுப்பிப் பாருங்கள்: கையொப்பத்துக்குப் பின் ஓர் எழுத்தை மாற்றிய செய்தி, காலாவதியான சான்றிதழோடு ஒன்று, ஏற்கெனவே ஏற்கப்பட்ட செய்தியின் நகல். மூன்றும் மறுக்கப்பட வேண்டும். ஏதேனும் ஒன்று உள்ளே போய்விட்டால், நீங்கள் பெற்ற வேகம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது; அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பட்டியலின் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.